தவக்காலத்தில் ஒரு எலும்பு

அப்பாவுக்கு பைபாஸ் செய்து ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. அந்தத் தவக்காலம் முழுக்கக் கறி தொடமாட்டேன் என்று கோயிலில் எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தார். ஒருநாள் காலையில் திடீரென்று அவருக்கு மூச்சு வாங்கியது. உடம்பு அனலாகக் கொதித்தது. கம்பெனிக்குக் கிளம்பியிருந்த நான், யூனிஃபார்மோடு அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

"நெஞ்சு வலிக்குதா நைனா?"

"இல்லடா... கேஸு." அவருக்கு எல்லாமே கேஸ்தான்.

ஆக்சிஜன் வைத்து, ஈசிஜி, எக்கோ, எக்ஸ்ரே எல்லாம் எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தைப் பார்த்தார்.

"ஹார்ட் பழையபடிதான் இருக்கு. அதுல பிரச்சனைன்னா பெரும்பாலும் நுரையீரல்ல ரெண்டு பக்கமும் நீர் கோக்கும். இவருக்கு வலது பக்கம் மட்டும் நிமோனியா மாதிரி தெரியுது. ஐயா, சாப்பிடும்போது புரை ஏறிச்சா?"

அப்பா, பின்னாலேயே வந்து சேர்ந்திருந்த அம்மாவைப் பார்த்தார். இல்லை என்று தலையாட்டினார்.

"கஞ்சிதான் டாக்டர் குடிக்கிறாரு. கறி இருக்கிற பக்கமே போறதில்ல" என்றாள் அம்மா.

வெளியே வராந்தாவில், அம்மாவோடு வந்திருந்த ஜெபக்கூட்டப் பெண்கள், "ஆண்டவரே, உமக்காகக் கறியை விட்டு ஒறுத்தல் செய்யும் இந்த மனுசனைக் கைவிடாதேயும்" என்று உரக்க வேண்டிக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் வந்து சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்.

ஸ்கேனில் மூச்சுக்குழாயில் என்னவோ மாட்டியிருப்பது தெரிந்தது. மறுநாள் வாய் வழியாகக் குழாய் விட்டு எடுத்தார்கள். அப்பாவுக்குப் பேச்சு வந்த பிறகு, டாக்டரம்மா ஒரு சின்ன டப்பாவை எங்களிடம் காட்டினார். உள்ளே நகம் அளவுக்கு ஒரு எலும்பு.

"மீன் முள்ளு" என்றார் அப்பா, கம்மிய குரலில். தவக்காலத்தில் மீனுக்குத் தடையில்லை.

"மீன்ல இப்படி மூட்டு இருக்காதுங்க ஐயா."

ஜெபக்கூட்டப் பெண் ஒருவர் டப்பாவை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "கோழி. ரெக்கை."

எல்லாரும் அப்பா பக்கம் திரும்பினோம். பிறகு அப்பாவே சொன்னார். போன வாரம் சிப்காட் ரோட்டோரக் கடையில் சிக்கன் பக்கோடா தின்றுகொண்டிருந்தபோது எதிரில் கோயில் ஃபாதர் பைக்கில் வந்துவிட்டாராம். வாயில் இருந்ததை அப்படியே முழுங்கிக்கொண்டே, "ஸ்தோத்திரம் ஃபாதர்" என்று சொல்லப் பார்த்திருக்கிறார். இருமல் பிடித்துக்கொண்டது. ஃபாதர்தான் முதுகைத் தட்டிக் கொடுத்தாராம்.

அம்மா எழுந்துபோய் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டாள்.

மருந்தில் ஜுரம் மெல்ல இறங்கியது. விசாரிக்க ஃபாதர் வந்தார். அவர் செருப்புச் சத்தம் கேட்டதுமே அப்பா ஆக்சிஜன் மாஸ்க்கை இழுத்து மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். ஃபாதர் அவர் தலையில் கைவைத்து ஜெபித்தார். நாங்கள் எல்லாரும் ஆமென் சொன்னோம். அம்மா மட்டும் சொல்லவில்லை.