ஒரே பச்சையில் இரண்டு கதிர்கள்

கழக்கூட்டத்தில் லேசர் கருவிகள் செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில் என் மகள் வேலை பார்க்கிறாள். சிறிய கதிர்களைச் சேர்த்துப் பலமான ஒரே கதிராக்குவது அவள் வேலை. ஒருநாள் தோசை தின்றுகொண்டே விளக்கினாள்.

"வேற வேற நிறம்னா ஈசிப்பா. ஒரு கண்ணாடி சிவப்ப நேரா விடும், பச்சையத் திருப்பி விடும். ரெண்டும் ஒரே வழியில போயிரும். ரெண்டுமே பச்சைன்னா கண்ணாடிக்கு எப்படி ஆளு தெரியும்?"

"கல்யாணத்துல எல்லாரும் ஒரே கலர் பட்டு கட்டின மாதிரி."

"அய்யே, அப்பாவுக்க ஒரு உதாரணம்!"

ஒளி எந்தத் திசையில் அதிர்கிறது என்பதை வைத்துப் பிரிப்பார்களாம். ஒரு கதிர் சிறிய கண்ணாடிக் கட்டியை நேரே கடக்கும். பக்கவாட்டில் வரும் மற்றதன் அதிர்வைத் திருப்பிவிட்டால், கட்டி அதை மடக்கி முதல் கதிரோடு சேர்த்துவிடும்.

பிறகு ஒரு பகலில் அவளோடு வேலை பார்க்கும் மலையாளப் பையன் போன் செய்தான். "அங்கிள், பேடிக்கண்டா, பயப்படாதீங்க. கண் ஆஸ்பத்திரிக்கு வாங்க."

நடந்தது இதுதான். பாதுகாப்புக் கண்ணாடி பச்சையை மறைக்கும். போட்டால் கதிரே தெரியாது. அதனால் பொருத்தும்போது ஒளியைக் குறைத்துவிட்டு அதைக் கழற்றுவார்கள். அவளும் முதல் கதிரைக் குறைத்தாள். கதிர் விழ எதிரே வைத்திருந்த அட்டையில் மங்கலாக ஒரே புள்ளி. இரண்டாவது அணைந்திருக்கிறது என்று நினைத்தாள். அது முழுப் பலத்தோடு எரிந்துகொண்டிருந்தது. அதிர்வைத் திருப்பாததால் அட்டைக்கு வராமல், கட்டியின் மறுபக்கமாக வெளியேறியது. அவள் அந்தப் பக்கம் குனிந்தாள்.

வலிக்கவில்லை என்றாள். வலது கண் பார்வையின் நடுவில் ஒரு கறை மட்டும். வீக்கம் வற்றினால் தெளியலாம், காத்திருங்கள் என்றார் மருத்துவர். காத்திருந்தோம். நேற்று பார்த்துவிட்டு, வீக்கம் வற்றிவிட்டது, மிச்சமிருப்பது இனி அப்படியேதான் இருக்கும் என்றார்.

திரும்பும்போது பழவங்காடி பேருந்து நிறுத்தத்தில் நின்றோம். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, வரும் பேருந்தின் பலகையைப் படிக்கச் சொன்னேன்.

"கழக்கூட்டம்" என்றாள் உடனே. அவள் தினமும் ஏறும் பேருந்து. படித்தாளா, தெரிந்து சொன்னாளா என்று எனக்குப் புரியவில்லை.

"அடுத்தது சொல்லு."

"ஆளுவ பாக்காவப்பா."

"பாக்கட்டும்."

முகத்தைச் சற்றுத் திருப்பினாள். "நேரா பாத்தா நடு எழுத்தக் காணல. ஓரமா பாத்தா வருது. கல்லாறு."

சரிதான். அதற்கடுத்த பேருந்தைக் காட்ட எனக்குத் தைரியம் வரவில்லை.