காலி நாற்காலிகளின் பக்கம்

செஞ்சியில் கல்லூரி மாணவர்கள் நாங்கள் சேர்ந்து மாதம் ஒரு ஞாயிறு பொது விவாதம் நடத்தினோம். நெல் விலை, நூறு நாள் வேலை என்று ஊர் பேசுகிற விஷயங்கள்தான். யார் எந்தப் பக்கம் பேசுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வோம். கேட்க வருகிறவர்கள் தமக்குச் சரியென்று படுகிற பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொள்வார்கள். நடுவில் மனம் மாறினால் நாற்காலியோடு மாறலாம்.

தனியார் பஸ் கண்டக்டர் ஒருவர் தவறாமல் வருவார். ஒல்லி உடம்பு, கக்கத்தில் தோல் பை. எந்தப் பக்கம் ஆள் குறைகிறதோ அந்தப் பக்கம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

"நெசமா நீங்க எந்தப் பக்கம்ணா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அத்த வுடும்மா. எதிர்ல ஆளே இல்லன்னா பேசற புள்ளைக்குப் பேச்சு வருமா?"

கடைசி விவாதம் பெண்களுக்கான இலவச பஸ்ஸைப் பற்றியது. அதை நிறுத்தச் சொல்லிப் பேசும் சீட்டு எனக்கு விழுந்தது. தினமும் அதில்தான் கல்லூரிக்கு வருகிறேன். நான் பேசப் பேச நாற்காலிகள் எதிர்ப்பக்கம் நகர்ந்தன. என் அம்மாவே எழுந்து போய்விட்டார்.

அப்போது கண்டக்டர் நாற்காலியோடு என் பக்கம் வந்து, எனக்கு நேரே உட்கார்ந்தார். "நீ பேசும்மா" என்றார். அதன்பிறகு நன்றாகப் பேசினேன். நன்றாகவே தோற்றேன்.

இலவச பஸ் வந்தபின் அவர் பஸ்ஸில் பெண்கள் ஏறுவது குறைந்துவிட்டது என்று பிறகுதான் உறைத்தது. அன்று எனக்காக வந்தாரா, தனக்காக வந்தாரா? கேட்க வேண்டுமென்றால் அவர் பஸ்ஸில் ஏற வேண்டும். அதற்குள் எனக்கு இலவச பஸ் வந்துவிடுகிறது.