பேயின் நைட்டிக்கு இஸ்திரி

ஈர விரலைத் தேய்ப்புப்பெட்டியின் அடியில் வைத்து எடுக்கிறார். சுர்ரென்கிறது. "பாகமாயிட்டு" என்று சொல்லிவிட்டு, பேய் உடுக்க வேண்டிய நைட்டியை மேசைமேல் விரிக்கிறார் மாடம்மாள். மலையாள சினிமாக்காரர்களின் உடுப்பைத் துவைத்துத் தேய்க்க இருபத்தாறு வருடமாகப் போய்வருகிறார். ஊர் நாகர்கோவில் பக்கம், குடியிருப்பு கிழக்கேகோட்டையில். இன்றைக்குக் கல்லாற்றங்கரையில் பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டில் படப்பிடிப்பு.

அவரைப் பற்றி எழுதப் போன எனக்குப் பேய்ப்படம் என்றாலே ஆகாது. பாதிப் படத்தை விரலிடுக்கு வழியாகப் பார்க்கிற ஆள் நான். அதைச் சொன்னதும் அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பேயிட்ட என்னத்துக்குப் பயம்? எத்தன பேயிக்கு நான் ஊக்கு குத்தி விட்டுருக்கேன்" என்கிறார்.

துணியை வைத்தே காலத்தைச் சொல்லிவிடுவார். முதலில் எல்லாம் வெள்ளைச் சேலை. "பெரிய வீட்டு ஆம்பிளைவ கெடுத்துக் கொன்ன பொண்ணுவளாக்கும் அன்னைக்குப் பேயி. அவனுவளுக்கு உள்ளூர பயம் இருந்துல்லா." அப்புறம் கல்யாணப் பட்டோடு எரிந்துபோன மருமகள்கள் வந்தார்கள். பிறகு சுரிதார் போட்ட செல்போன் பேய். "பொம்பளப் பிள்ளைவ படத்த எவனாம் நெட்டுல போட்டுருவானோன்னு வீட்டுக்கு வீடு பதறித் தீயத் தின்ன சமயம் அது. ஊரு எதுக்குப் பயப்படுதோ, அது எனக்கு அழுக்குத் துணியா வந்துரும்."

இப்போதைய பேய்க்கு நைட்டி, தோளில் துவர்த்து என்கிற துண்டு. பிள்ளைகள் கனடா போய்விட, தனியாகச் செத்து மூன்று நாள் யாருக்கும் தெரியாமல் கிடந்த அம்மா அது. கதையைக் கேட்டதிலிருந்து மாடம்மாளுக்கு மனசே சரியில்லை. ஒரே மகள் ரேஷ்மி நர்ஸ் வேலைக்கு அயர்லாந்து போய் நான்கு மாதம் ஆகிறது. "எனக்கும் அந்தப் பயம் உண்டு. மறைக்க என்ன இருக்கு?"

இயக்குநர் ஜிஷா கேட்டிருந்தது கசங்கிய நைட்டி. இவர் கத்தி மடிப்பாகத் தேய்த்து நீட்டினார்.

"சேச்சி, பேய்க்கு எதுக்கு இஸ்திரி? பார்க்கிறவங்க சிரிப்பாங்க" என்றார் ஜிஷா.

"மோளே, மவன் வீடியோல விளிப்பான்னு காத்திருந்து செத்தவ அவ. கசங்கின துணியோட முகத்தக் காட்டுவாளா? அம்மைக்குச் சொகமில்லையோன்னு அங்க பிள்ள பதறாதா? வேற ஆள வேணும்னா வச்சுக்கோ. நான் இதக் கசக்க மாட்டேன்."

ஜிஷா நைட்டியை வாங்கிக்கொண்டார். ஒரு தடவை எடுத்துப் பார்ப்போம், சரிவராவிட்டால் நானே கசக்குவேன் என்றார். பேய் தேய்த்த நைட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அடிக்காத செல்போனைப் பார்த்தபடியே துவர்த்தைச் சரிசெய்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. எடுத்து முடித்ததும் கேமராக்காரர் கைலாஷ் வெளியே போய்த் தன் அம்மாவைக் கூப்பிட்டார். "ஒண்ணுமில்லம்மா, சும்மா விளிச்சேன்" என்றது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"கண்டீங்களா, பேயி நல்லா வேலை செய்யுது" என்று மாடம்மாள் என்னிடம் கண்ணடித்தார்.

அப்போதே அவருடைய செல்போனும் அடித்தது. திரையில் ரேஷ்மி, வீடியோ அழைப்பு. உடனே எடுக்கவில்லை. தன் தோளில் கிடந்த துவர்த்தை உருவி மேசையில் போட்டார். சூடு ஆறாத பெட்டியால் இரண்டு இழுப்பு இழுத்து, மறுபடி தோளில் போட்டுக்கொண்டு, பச்சைப் பொத்தானைத் தொட்டார்.