துரு ஏறிய மாங்காயும் சூலியா தெரு மடக்குக் கத்தியும்

போன ஞாயிறு சந்தையில், என் ஜெரூக் ஊறுகாய்க் கடை முன்னால், ஒரு பெண்மணி ஊறவைத்த மாங்காய்ப் பொட்டலத்தைக் குப்பையில் வீசினார். துண்டுகளின் ஓரமெல்லாம் பழுப்புக் கறை. "துருவைத் திங்கச் சொல்றீங்களா?" என்று அவர் கத்தியதும் நின்றவர்களும் கலைந்துவிட்டார்கள். எனக்கு மானம் போயிற்று. துருப்பிடிக்காது என்று அட்டை வைத்து விற்ற புதுக் கத்தியால் நறுக்கியது அது! சும்மா விடுவேனா? செவ்வாய்க்கிழமையே கத்தி வாங்கிய கடைக்குக் கிளம்பிவிட்டேன்.

கெப்பாலா பத்தாஸிலிருந்து பட்டர்வொர்த்துக்கு பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அங்கிருந்து தீவுக்குப் போகும் ஃபெரிக்கு இரண்டு வெள்ளி கட்டணம். அக்கரைப் படகுத்துறையிலிருந்து சூலியா தெருவுக்கு நடந்தே போய்விடலாம். குடை இல்லாமல் போகாதீர்கள், மண்டை காய்ந்துவிடும்.

கத்தி விற்ற தம்பி கல்லாவில் இருந்தார். மடக்குக் கத்தியை விரித்து அவர் முன்னால் வைத்தேன்.

"இது டி2 லா அக்கா, உசத்தி ஸ்டீல். நீங்க ஈரத்தோட மடக்கி வச்சிருப்பீங்க."

பழியை என் தலையில் கட்டுகிறாராம்! டி2 கூர் நிற்கும், மறுக்கவில்லை. ஆனால் அதிலுள்ள குரோமியத்தில் ஒரு பங்கு கார்பனோடு சேர்ந்துகொள்ளும். துருவைத் தடுக்க மிச்சம் போதாது. உப்பும் புளிப்பும் பட்டால் கறைதான். அதைச் சொன்னதும் சிரித்தார்.

"அப்ப அந்த 420 ஸ்டீல் கத்திய எடுத்துக்குங்க. பொம்மைக் கத்தி, சீக்கிரம் மழுங்கிடும்."

"பொம்மையா? ரெண்டுலயும் புதுசு ஒண்ணு எடுங்க. பையில கொண்டாந்த என் ஜெரூக் தண்ணியத் தடவி வைப்போம். நான் மக்கான் சாப்பிட்டு முடிச்சிட்டு வர்றேன்."

"புதுக் கத்தி கெட்டுப்போனா?"

"கெடாதுன்னு அட்டை எழுதி வச்சது யாரு தம்பி?"

இரண்டிலும் தடவி வைத்துவிட்டுப் போனேன். பக்கத்துக் கடையில் நாசி கண்டார் சோறு, எட்டு வெள்ளி. குழம்புகளைக் கலந்து ஊற்றச் சொல்லுங்கள். ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பினேன். டி2வில் பழுப்புப் புள்ளிகள். 420ஐத் துடைத்தால் பளபளவென்று இருந்தது. அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"சரி லா அக்கா, மாத்திக்குங்க."

"மாத்தினா போதாது. அந்த அட்டையை எடுங்க."

முறைத்தார். நானும் முறைத்தேன். அட்டையைப் பிடுங்கிக் குப்பையில் போட்டார்.

வாங்கப் போகிறவர்களுக்கு: மீன், ஊறுகாய், கடல்காற்று என்றால் 420. பெட்டி, கயிறு அறுக்க டி2. கூரும் வேண்டும், துருவும் கூடாது என்றால் நடுவில் 440சி. என் 420 மழுங்கத்தான் செய்யும். தினமும் கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் குறைந்தா போய்விடுவேன்?

இனி மாங்காயை முன்கூட்டி நறுக்கி வைக்கப்போவதில்லை. கேட்பவர் கண் முன்னால்தான் வெட்டு. அந்தப் பெண்மணியும் ஞாயிற்றுக்கிழமை வரட்டும். வாங்க வேண்டாம், நின்று பார்த்துவிட்டுப் போகட்டும்!