ஈரத் துண்டு

குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்த என் மகன், குழந்தைக்குச் சோறூட்டிக்கொண்டிருந்த மருமகளின் மடியில் ஈரத் துண்டைப் போட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அறுபதுகளில், தென்காசி வீட்டில், சாரல் நாட்களில் துணியே காயாது. கரியடுப்பின்மேல் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் போட்டு உலர்த்துவாள் அம்மா. ஒருநாள் தம்பி கட்டிலிலிருந்து விழுந்தான். அவள் ஓடித் தூக்குவதற்குள் அப்பாவின் ஆபீஸ் சட்டை கருகிவிட்டது.

சிநேகிதர்களோடு அருவிக்குப் போய்வந்த அப்பா, "ஏட்டி, வீட்டுல இருந்து என்னத்தக் கிழிக்கே?" என்று கத்தினார். பிறகு ஈரத் துண்டை நீட்டினார். "இதயாவது கருகாமக் காயப்போடு."

அந்த சீசன் முழுக்க அம்மா அருவிப் பக்கமே போகவில்லை.

"ஏலே, துண்ட எடு" என்றேன் மகனிடம். "நாளைக்கு அவ குளிக்கட்டும். பிள்ளையையும் துண்டையும் வச்சுக்கிட்டு நீ வெளிய நில்லு."