‘கற்பகம்’ என்பதில் ஒரு ‘ப்’ அதிகம்

கோணல் எழுத்துக்கு மன்னிக்க வேண்டும். அறுபத்தெட்டு வயதில் எழுதப் பழகிய கை. ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் இந்தப் பக்கத்தை நானே எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலை, ஒரகடம் பஸ் நிறுத்தத் தூணில் புதிதாக ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. யாரையும் கேட்காமல் நானே எழுத்துக்கூட்டினேன். ‘கண்ணீர் அஞ்சலி. கற்ப்பகம்.’ படம் இல்லை. போன உயிர் திரும்பியது. எங்கள் கற்பகம் மேடம் பெயரில் அந்த ‘ப்’ கிடையாது, இது வேறு யாரோ என்று நினைத்தேன். அடுத்த வரியில் எங்கள் கம்பெனியின் பெயர் இருந்தது. காய்ச்சல் என்று லீவு போட்டவர், ஞாயிறன்று போய்விட்டார்.

நான் வேர்க்கடலை போட்ட நிலத்தில்தான் செல்போன் கம்பெனி வந்தது. அங்கே நான் கேட் செக்யூரிட்டி. மேடம் லைனில் தரம் பார்ப்பவர். பழுதான போனில் சிவப்புப் புள்ளி ஸ்டிக்கர் ஒட்டுவார், நல்லதில் பச்சை. பிறகு கம்பெனியை மூடிவிட்டார்கள். பூட்டிய கேட்டுக்கு நான் காவல் இருந்தேன். அவர் வாலாஜாபாத் துணிக்கடைக்கு வேலைக்குப் போனார். மாலையில் பஸ் மாற இறங்கும்போது கேட் போர்டைக் காட்டி எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். பாதிப் பெயர் படித்திருப்பேன், போர்டையே கழற்றிவிட்டார்கள். கார் பாகம் செய்யும் கம்பெனி வந்தது. புது போர்டு, மறுபடியும் முதலிலிருந்து!

“படிச்சு முடிக்கிறதுக்குள்ள கழட்டிட்டானுங்களே மேடம்!”

“நீ படிக்கிற வேகத்துக்கு இன்னும் நாலு கம்பெனி மாறும், பெருசு.”

புதுக் கம்பெனி எங்கள் இருவரையும் எடுத்துக்கொண்டது. உள்ளே வருபவர் பெயரை கேட் நோட்டில் எழுதும் வேலை எனக்கு. தினமும் ‘கற்ப்பகம்’ என்றே எழுதித் தொலைப்பேன்.

“‘ற்’ பக்கத்துல இன்னாத்துக்கு இன்னொரு புள்ளி எழுத்து? எத்தினி தபா சொல்றது? ரிஜெக்ட்!”

நோட்டிலேயே சிவப்பு ஒட்டுவார். லாரி டிரைவர்கள் எதிரிலும் ஒட்டுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு பக்கம் தப்பில்லாமல் எழுதினால் பச்சை என்றார். கடைசிவரை ஒன்றுகூடக் கொடுக்கவில்லை, அழுத்தக்காரர்.

அந்தத் திங்கட்கிழமை, கேட் நோட்டிலிருந்து ஒரு சிவப்புப் புள்ளியை உரித்துக்கொண்டு போய், தூணில் இருந்த அந்த ‘ப்’ மேல் ஒட்டினேன். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய திருநெல்வேலிப் பெண், “என்ன தாத்தா செய்தீய?” என்றாள்.

“எழுத்து தப்பா கீது. ரிஜெக்ட்!”

“மேடம் மாதிரியே சொல்லுதீயளே” என்றவள், துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள்.

போய் வாருங்கள், கற்பகம் மேடம். உங்கள் பெயரில் தப்பு விடவில்லை. மற்றதில் எத்தனை சிவப்பு விழுமோ தெரியாது. அடுத்த வாரம் இதே பக்கத்தைத் திருத்தி மறுபடி எழுதுவேன். பச்சை வாங்காமல் விடமாட்டேன்.