முப்பதுக்கு மூன்றடி

வலது குதிகால் ஒன்று, இடது குதிகால் இரண்டு. தரையில் டொக் டொக்கென்று தட்டிக்கொண்டே, ரத்தம் ஒற்றிய துணிகளை எண்ணுகிறார் எங்கள் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். பத்து ஆனதும் ஓரடி வலப்பக்கம் நகர்வார். இருபதில் இன்னோர் அடி. வயிற்றைத் தைத்து மூடுமுன், உள்ளே போன துணியெல்லாம் வெளியே வந்துவிட்டதா என்று சொல்வது அவர் பொறுப்பு. அவருக்குத் 'தையல் மிஷின்' என்று பட்டப்பெயர் வைத்த மகானுபாவன் நான்தான்.

ஐம்பது வயது, கனத்த உடம்பு. போன் நம்பர் கேட்டால்கூடச் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து நின்றுதான் சொல்வார். "உக்காந்துட்டா எனக்கு நம்பர் ஓடாது டாக்டர். முப்பதுன்னா மூணு அடி தள்ளி நிக்கணும்ல? நின்ன இடத்துலயே நின்னா அது எப்படி முப்பதாகும்?" மகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்ததும் நடந்துதானாம். "பதினாறாம் வாய்ப்பாடு வந்தா ரெண்டு பேரும் சுவத்துல போய் முட்டிக்குவோம்."

சென்ற மாதம் என் பழைய பேராசிரியர் ஓர் அறுவையைப் பார்க்க வந்திருந்தார். அவர் முன்னால் இந்த ஆட்டம் எனக்கு மானக்கேடாகப் பட்டது. "இன்னிக்கு ஒரு நாளாவது ஆடாம ஒரே இடத்துல நில்லுங்க சிஸ்டர்," என்றேன், எல்லார் காதிலும் விழ. சிஸ்டரின் முகம் சுண்டிவிட்டது. "சரிங்க டாக்டர்."

ஆடாமல் எண்ணினார். "முப்பது... சரியா இருக்கு." குரலில் தெம்பே இல்லை. அது என் காதில் ஏறினால்தானே! தைக்கத் தொடங்கினேன். மேசையில் கிடந்தவள் ஐந்து மாதக் கைக்குழந்தைக்குத் தாய். நாலு தையல் போட்டிருப்பேன்.

"டாக்டர், திட்டினாலும் பரவால்ல. நான் நடந்து எண்ணிக்கிறேன்," என்றார் சிஸ்டர், எனக்கு மட்டும் கேட்கும் குரலில்.

டொக், டொக். ஓரடி. இரண்டடி. மூன்றாவது அடிக்குத் தூக்கிய கால் அந்தரத்திலேயே நின்றது.

"இருபத்தொம்பதுதான் இருக்கு. முதல்ல ஒண்ணை ரெண்டு தடவ எண்ணிட்டேன் போல. உள்ள ஒண்ணு கிடக்கு டாக்டர்."

தையலைப் பிரித்தேன். குடல் மடிப்புக்குள் இருந்தது. எடுத்துவிட்டு மறுபடி மூடினோம்.

பேராசிரியர் முகக்கவசத்தை இறக்கி, "ரெண்டு தடவ எண்ண வைக்கிற பாத்தியா, நல்ல பழக்கம்பா," என்று என் முதுகில் தட்டினார். "தேங்க்ஸ் சார்," என்றேன். சிஸ்டர் இரண்டடி தள்ளித்தான் நின்று, அந்தத் துணிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். பாடு அவருடையது, பேர் என்னுடையது. சீ, இதை எழுதும்போதும் உடம்பு கூசுகிறது.

மறுநாள் காலை, மன்னிப்புக் கேட்டுவிடலாமென்று சீக்கிரமே போனேன். கதவுக்கு வெளியிலேயே டொக் டொக் கேட்டது. திறந்தேன். சத்தம் நின்றது. "குட்மார்னிங் டாக்டர்," என்றபடி சிஸ்டர் இடது காலைத் தூக்கி, வலது காலின்மேல் வைத்து அழுத்திக்கொண்டார்.